எந்தக் கதவு முதலில்

நாற்றத்தில் தொடங்கினால்தான் சரியாக வரும்.
போத்தோங் பாசிரில் எங்கள் வாடகை அறைக்கும்
கியோக் லானின் பன்றிக் கொட்டகைக்கும் நடுவே
பத்துப் பதினோரு அடி வைத்தால் முடிகிற தூரம்.
காற்று திரும்பும் நாளில்
மூக்கைப் பிடித்தபடி சோறு உண்பேன்.
சிங்காரவேலுவோடு சண்டை போட்டு
இடையில் ஒரு தகரத் தட்டி நிறுத்த வைத்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டியின் அந்தப் பக்கம்
பாகற்கொடி ஏற்றிவிட்டாள்.

அன்று அவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை.
மூன்று நாளாக மழை.
டிசம்பர் என்றால் இப்படித்தான் என்று
அமுதவல்லிக்குப் பால் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.
அவள் பிறந்து நாற்பத்தொரு நாள்.

கட்டிலுக்கடியில் செருப்பு நகரும் சத்தம்.
எலி என்று நினைத்துக்
காலைக் கீழே வைத்தால்
முழங்கால்வரை ஆறு.

காலாங் ஆறு கதவைத் தட்டவில்லை.
தட்டியவள் கியோக் லான்.
கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிய டார்ச்,
கையில் பன்றித் தீனி கலக்கும் ஈயத்தொட்டி.
ஹொக்கியனில் ஏதோ கத்தினாள்,
ஒரு சொல்லும் புரியவில்லை.
நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
தொட்டியையே பார்த்தேன்.
அவளும் பார்த்தாள், என் முகத்தை.
பிறகு தன் சட்டை முனையால்
தொட்டியின் உள்ளே ஒரு சுற்றுத் துடைத்தாள்.
வீடு மிதக்கிறது, அவள் துடைத்தாள்.
இந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும்
அதை மட்டும் விடமாட்டேன்.

மரவள்ளியும் சேம்பந்தண்டும் வெந்து புளித்த வாடையில்
என் பெண் படுத்தாள்.
அழக்கூட இல்லை.

வெளியே மார்பளவு நீர்.
அவள் இழுக்க, நான் தள்ள,
பக்கத்தில் ஒரு வாத்துக்கூண்டு
எங்களைவிட நிதானமாகப் போனது.
பின்னால் கொட்டகையில் சத்தம் எழுந்தது.
பன்றி கத்தினால் குழந்தை கத்துவதுபோல் இருக்கும் என்பார்கள்.
அப்படியெல்லாம் இல்லை.
பன்றிகள் பன்றிகளாகத்தான் கத்தின.
அவள் ஒருமுறை திரும்பினாள்,
வெளிச்சமும் கூடவே திரும்பியது.
உடனே மேட்டுச் சாலையைத் தேடிக்கொண்டது.

விடிந்தபோது பள்ளிக்கூடத் தரையில்
ரொட்டியும் மைலோவும் கொடுத்தார்கள்.
துறைமுகத்திலிருந்து நடந்தே வந்த சிங்காரவேலு
மகளை உச்சி முகர்ந்து
என்ன வாடை இது என்றார்.
பதில் சொல்ல வாய் வரவில்லை.
அன்று பொழுது சாயும்வரை
அவளை நான் குளிப்பாட்டவும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டுமே.
தமிழில் அந்தச் சொல்லை மேடையில் கேட்டதுண்டு,
வீட்டுக்குள் யாருக்கும் சொன்னதில்லை.
சந்தையில் கற்ற அரைகுறை மலாயில்
'தெரிமா காசே' என்றேன்,
மீன்காரனிடம் சில்லறை வாங்கும்போது சொல்வது.
என் காதில் அது எப்போதும் காசு என்றுதான் விழும்.
அன்பு என்று பொருளாம்.
பல வருடம் கழித்து மகள் சொன்னாள்.
'சாமா சாமா' என்றாள் கியோக் லான்
மைலோவை ஊதிக்கொண்டே.
பக்கத்தில் அவள் கணவர் தியோங்
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
ஐம்பத்தெட்டில் நிறுத்தினார்.

இப்போது ஆற்றுக்குக் கான்கிரீட் கரை.
நான் பதினோராம் மாடியில்.
அவர்கள் அங் மோ கியோவுக்குப் போனார்கள்,
சில புத்தாண்டுகளுக்கு ஆரஞ்சு கொடுத்துக்கொண்டோம்,
அப்புறம் ஒரு புத்தாண்டுக்குத் தியோங் மட்டும் வந்தார்.
மழை வலுத்தால் மகள் உட்லண்ட்ஸிலிருந்து அழைப்பாள்,
ஜன்னலைச் சாத்தினாயா அம்மா என்று.
சாத்திவிட்டேன் என்பேன்.
திறந்துதான் இருக்கும்.

ஒரு கேள்வியை அவளிடம் கேட்டதேயில்லை.
எந்தக் கதவுக்கு முதலில் வந்தாய்?
கேட்டிருக்கத் தேவையில்லைதான்.
நீர் வடிந்த மறுநாள்
சேற்றில் புதைந்த அந்தக் கொட்டகையை
முதலில் போய்ப் பார்த்தவள் நான்.
தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.